மௌத்தானவர்ட பேர்ல ஆறு மெஷின்

வரி பைல் செய்யிற தொழில் எண்டா, அடுத்தவங்கட அலுமாரிக்குள்ள தலையை விட்டுப் பார்த்திட்டு, ஒண்டும் காணாத ஆள் மாதிரி வெளியே வாற தொழில். கல்முனையில ஒரு வரி ஆலோசனைக் கந்தோரில பதினெட்டு வருசமா எனக்கு இதுதான் வேலை. கீழே மருந்துக் கடை, மேலே நாங்க. முதலாளியான எங்கட சேர், நான், அடிக்கடி கடதாசி சிக்குற ஒரு போட்டோக் கொப்பி மெஷின், இவ்வளவுதான் கந்தோர். அட்டாளைச்சேனையில இருந்து தினமும் பஸ்ஸில வந்து போறன். வாற ஆக்களுக்கெல்லாம் நான் "மிஸ்". ஒரு நாளும் படிப்பிச்சுப் பழக்கமில்ல. ஆனா கண்ணாடி போட்டுக் கணக்குப் பார்க்கிற பொம்பிளையை எங்கட பக்கத்தில வேற என்னெண்டு கூப்பிடுற?

உங்களுக்கும் இந்தத் தொழிலுக்கும் சம்பந்தமில்ல எண்டு நினைச்சிராதீங்க. "இதில ஒரு ஒப்பம் வைங்க, சும்மாதான்" எண்டு யாராச்சும் நீட்டின கடதாசியில வாசிக்காம ஒப்பம் வெச்ச ஆள்தானே நீங்களும்? லீசிங் எடுக்கக்குள்ள வெச்சிருப்பீங்க. மச்சானுக்குப் பிணை நிக்கக்குள்ள வெச்சிருப்பீங்க. நம்ம எல்லாருக்கும் ஒரே வியாதிதான், அதால உங்களுக்கிட்டச் சொல்லுறன்.

ஆறு மெஷின் வெச்சிருக்கிற ஏழை

எங்கட பெரிய கஸ்டமர் ஒரு ஹாஜியார். நெல் வெட்டுற மெஷின் ஆறு அவருக்கு. வயலுக்குள்ள இறங்கினா ஒரு பக்கத்தால விளைஞ்ச வேளாண்மைக் கதிரை வெட்டி, அடிச்சு, மற்றப் பக்கத்தால நெல்லாத் தாற பெரிய சாமான். போகம் வந்திட்டா இறக்காமத்துப் பக்கத்தில இருந்து கடற்கரை ஊர் வரைக்கும் ஆறும் ஓய்வில்லாம ஓடும். நல்ல மனுசன். பள்ளிவாசல் நிர்வாகத்தில இருக்கிறவர், ஏழைகளுக்குப் போக வேண்டிய ஸகாத்தை வருசா வருசம் குடுக்கிறவர், கை நீட்டி வந்த ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பாதவர். வரி எண்ட சொல்லைக் கேட்டா மட்டும் முகம் கறுத்திடும். "நான் வெயில்ல காயுறன், அவங்க ஏசியில இருந்து எடுக்கிறாங்க" எண்டு புறுபுறுப்பார்.

ஒரு நாள் கொழும்பில இருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்தார். டை கட்டின ஆள். எங்கட கந்தோரில கரண்ட் நிண்டு எல்லாரும் வேர்த்து வழிஞ்ச நேரத்திலயும் அந்த டையை அவர் தளர்த்தல்ல. வெள்ளைப் பலகையில மூணு பெட்டி கீறினார். முதலாவது பெட்டி ஒரு பங்குடமை, அதாவது கூட்டு வியாபாரம், மெஷின் ஆறும் அதுக்குச் சொந்தம். ரெண்டாவது பெட்டியும் ஒரு பங்குடமை, அது முதலாவதிட்ட இருந்து மெஷின்களை வாடகைக்கு எடுக்கும். மூணாவது, ரெண்டாவதிட்ட இருந்து எடுத்து வயலுக்கு விடும். ஒவ்வொரு பெட்டியிலயும் வாடகைச் செலவு, தேய்மானம், அது இது எண்டு கழிச்சுக் கழிச்சு வந்தா, கடைசியில மிஞ்சுற லாபம் ஒரு கைப்பிடி. அதையும் ஆறேழு பேருக்குப் பிரிச்சா ஒருத்தருக்கும் வரி கட்டுற அளவுக்கு வராது.

ஹாஜியார்ட பேர் எந்தப் பெட்டியில எண்டு நான் தேடித் தேடிப் பார்த்தன். ஒண்டிலயும் இல்ல. மூணாவது பெட்டிக்கு அடியில, சம்பளத்துக்கு நிக்கிற மேற்பார்வையாளர் எண்டு சின்னதா எழுதியிருந்தது. யா அல்லாஹ், சொந்த மெஷினுக்கு மனுசன் சம்பளக்காரன்! ஹாஜியார் பலகையை நல்லாப் பார்த்தார். பார்த்திட்டு என்ட பக்கம் திரும்பி மெதுவாக் கேட்டார்:

"மிஸ், இந்தக் கடதாசிப் படி நான் ஸகாத் குடுக்கோணுமா, இல்லாட்டி ஸகாத் எடுக்கலாமா?"

நம்பிக்கையான ஆள்

பெட்டி கீறினாக் காணாது, பெட்டிக்குள்ள இருக்க ஆக்கள் வேணும். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் ஹாஜியார்ட மனுசிட சொந்தக்காரர் கொஞ்சப் பேரைப் போட்டாச்சு. முதலாவதுதான் முக்கியம், ஏனெண்டா மெஷின் அங்கதான் இருக்கு. தம்பிட பேரைப் போடுவமா எண்டு எங்கட சேர் கேட்டார். ஹாஜியார் கையை விசுக்கினார். அப்ப மருமகன்? அதுக்கும் விசுக்கினார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிட்டு, "காதர்ட பேர்ல போடுங்க" எண்டார்.

காதர் நானா அவர்ட மெஷின் ஓட்டுற டிரைவர். இருபது வருசமா அவரோட நிக்கிற மனுசன், அவர்ட வயல்ல விழுந்த ஒரு நெல்மணியையும் வீட்டுக்குக் கொண்டு போகாதவர். அவரும் அவர்ட மனுசி சுலைஹா ராத்தாவும் முதலாவது பெட்டிக்குப் பங்காளிகள் எண்டு முடிவாச்சு. சொந்த ரத்தத்தை விட்டுட்டு டிரைவரை ஏன் எண்டு நான் வாயை அடக்க ஏலாமக் கேட்டுட்டன். அவர் சொன்ன பதிலை இண்டைக்கும் நான் மறக்கல்ல:

"தம்பிட பேர்ல போட்டா மெஷின் அவன்ட. மருமகன்ட பேர்ல போட்டா மகள்ட. காதர்ட பேர்ல போட்டாத்தான் மிஸ், அது என்ட."

பென்சில் புள்ளடி

எங்கட கந்தோரில ஒரு பழக்கம் இருக்கு. ஒப்பம் வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் நான் பென்சிலால பெருக்கல் குறி மாதிரிச் சின்னப் புள்ளடி போட்டு வைப்பன். வாற ஆள் புள்ளடியைப் பார்த்தாக் காணும், மற்றதொண்டையும் பார்க்கத் தேவையில்ல. காதர் நானாவும் சுலைஹா ராத்தாவும் வந்த நாளில முப்பத்திரண்டு புள்ளடி போட்டிருந்தன். எல்லாம் இங்கிலிஷ் கடதாசி. நானா வயல்ல இருந்து நேரா வந்திருந்தார், உடுத்திருந்த சாரமெல்லாம் நெல்லுச் சுணை. கதிரையில இருந்தா ஊத்தையாகிடும் எண்டு நிண்டுகொண்டே ஒப்பம் வெச்சார்.

ராத்தாதான் நாலாவது புள்ளடியில பேனையை நிப்பாட்டினா. "மிஸ், இதில என்ன எழுதியிருக்கு?" எண்டு என்னைப் பார்த்துக் கேட்டா. நான் வாயைத் திறக்க முதல் சேர் முந்திட்டார். "சும்மா ஒரு முறைக்குத்தான் தங்கச்சி, ஒண்டுமில்ல." நான் தலையைக் குனிஞ்சு அடுத்த பக்கத்தைத் திருப்பினன். சொல்லவே வெக்கமாக் கிடக்கு. மெஷினால வாற வரி, கடன் எல்லாத்துக்கும் அவங்களே பொறுப்பு எண்டு அதில எழுதியிருந்தது எனக்கு வடிவாத் தெரியும். கடைசிப் புள்ளடியையும் முடிச்சிட்டு, காதர் நானா பேனையை மூடிக் கையில தந்து சிரிச்சார்:

"மெஷின் என்ட பேர்ல எண்டா, இனி ஹாஜியார் என்னை வேலையால நிப்பாட்ட ஏலாதே மிஸ்?"

வெட்டுப்பட்ட நிவாரணம்

அடுத்த வருசம் காதர் நானா ஒரு கடிதத்தோட மேலே ஏறி வந்தார். கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற நிவாரணம் அவங்களுக்கு நிண்டு போச்சு. காரணம் கேட்கப் போன இடத்தில, அந்தக் கிளாக்கர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியிருக்கார். காதர் நானாட பேர்ல ஆறு மெஷின்! ஓட்டை விழுந்த தகரக் கூரைக்குக் கீழே படுக்கிற மனுசன். கலியாண வயசில ஒரு மகள், அவளுக்கெண்டு தொடங்கின வீடு சுவரோட நிக்குது. எங்கட பக்கத்தில வீடில்லாமப் பொம்பிளைப் பிள்ளையை ஆர் எடுப்பாங்க?

ஹாஜியார் கேள்விப்பட்டு அழாத குறை. அந்த மாசத்தில இருந்து நிவாரணத்துக்கு மேலாவே ஒரு தொகையை என்வலப்பில போட்டு அனுப்பினார், ஒரு மாசமும் தவற விடல்ல. அதால எல்லாம் சரியாப் போச்சு எண்டு நாங்க நினைச்சம். காதர் நானாக்கு மட்டும், பெரிய நிலக்காரரைக் கூப்பிடுற மாதிரி போடியார் எண்டு கூப்பிட்டு அந்தக் கிளாக்கர் சொன்னது நெஞ்சில குத்திக்கொண்டே இருந்தது. அதை எனக்கிட்ட அப்படியே சொல்லிக் காட்டினார்:

"போடியார், உங்களுக்கு நிவாரணம் தந்தா என்ட வேலை போயிரும். நீங்க எனக்கு ஒரு வேலை போட்டுத் தாங்க."

ஜனாஸா

பெரும்போக வெட்டு முடியிற நேரம். காதர் நானா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு மெஷினால இறங்கி வரம்பில இருந்தாராம். தண்ணி கொண்டு வாறதுக்குள்ள மௌத்து. இன்னாலில்லாஹி. செய்தி கேட்டு நான் கந்தோரில இருந்து அழுதன்.

ஜனாஸா அடக்கத்துக்கு என்ட புருசன் போயிருந்தார். கடனோட அடக்கினா கப்ருக்குள்ள கேள்வி வரும் எண்டதால, தொழுகைக்கு முதல், நம்மட வழக்கப்படி, காதர் நானாட மூத்த காக்கா எழும்பி நிண்டு சொல்லியிருக்கார்: "என்ட தம்பி யாருக்கும் கடன் திருப்பிக் குடுக்க இருந்தா எங்களுக்கிட்ட வாங்க. அது எங்கட பொறுப்பு." முன் வரிசையில நிண்ட ஹாஜியார் தேம்பித் தேம்பி அழுதாராம். பிறகு தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருத்தர் மட்டும் வந்து, இருந்த சில்லறைக் கடனை ஹலாலாக்கிட்டன், இனி வேணாம் எண்டு சொல்லிட்டுப் போனாராம். கடனில்லாமப் போன மனுசன் எண்டு ஊரே கதைச்சது.

அடுத்த நாள் காலையில நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு கதிரையில இருக்கிறன். சேர் கதவைச் சாத்திட்டு வந்தார். ஏதோ ஆறுதல் சொல்லப் போறார் எண்டு நினைச்சன். அவர் கேட்டது இது:

"மனுசன் போயிட்டார், சரி. பங்குடமை என்ன ஆகும் எண்டு யோசிச்சியா புள்ள?"

கொழும்பில இருந்து ஆறுதல்

பங்காளி மௌத்தானா பங்குடமை முடிஞ்சு போகும், அது சட்டம். மெஷின் ஆறும் இப்ப சுலைஹா ராத்தாக்கும் காதர் நானாட வாரிசுகளுக்கும். அது ஒரு தலையிடி. அதை விடப் பெரிசு பதிவுத் தபால்ல வந்தது. மெஷின் வாங்கின காசு எங்கால வந்த எண்டு காட்டச் சொல்லி வரிக் கந்தோர் ரெண்டு தரம் கேட்டிருந்தது. பதில் போடாதீங்க எண்டு கொழும்பு ஆலோசகர் சொல்லியிருந்தார். அதால கழிவு ஒண்டும் ஏற்கல்ல, வந்த வாடகை முழுக்க வருமானம், இத்தனை வருச வரியும் தண்டமும் கட்டுங்க எண்டு கடிதம். தொகையைப் பார்த்தன். ஏழு இலக்கம். மேலே பேரைப் பார்த்தன். காதர் நானாட பேர்.

மெஷின்ட ஸ்டீரிங்கைப் பிடிச்சதைத் தவிர ஒரு பாவமும் செய்யாத மனுசன், கப்ருக்குள்ள கிடக்கிறார், அவருக்கு ஏழு இலக்கத்தில கடன்! உடனே கொழும்புக்குப் போன் எடுத்துக் கத்தினன். நான் கத்தி முடியிற வரைக்கும் அவர் பொறுமையாக் கேட்டார். பிறகு, வருத்தக்காரருக்கு டொக்டர் கதைக்கிற குரல்ல சொன்னார்:

"மிஸ், திட்டம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஹாஜியார்ட பேருக்கு ஒரு சதமும் வரல்லத்தானே?"

இத்தா அறை

சிறுபோக வேளாண்மை முத்திட்டு. மெஷின் வயலுக்கு இறங்கோணுமெண்டா இன்சூரன்ஸ், லீசிங், வாடகை ஒப்பந்தம் எல்லாத்திலயும் ராத்தாட ஒப்பம் வேணும். ராத்தா இத்தாவில இருந்தா. மாப்பிள்ளை மௌத்தான பொம்பிளை நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோட இருக்கிற காலம், அன்னிய ஆம்பிளை முகம் பார்க்கிறதில்ல. மூணு பெட்டி கீறி, முப்பத்திரண்டு புள்ளடி போட்டு, எல்லாத்தையும் யோசிச்ச ஆக்கள் இதை மட்டும் யோசிக்கல்ல. ஹாஜியாருக்குப் போக ஏலா. சேருக்கு ஏலா. டை கட்டினவருக்கும் ஏலா. கந்தோரில இருக்கிற ஒரே பொம்பிளை நான்.

கொழும்பில இருந்து வந்த புதுக் கடதாசியை நானும் வாசிக்காமத்தான் அச்செடுத்தன். ஓட்டோவில போகக்குள்ளதான் வாசிச்சன். மெஷின் ஆறும் ஹாஜியார்ட வேறொரு ஆளுக்கு மாறுது. இண்டைக்கு வரைக்கும் உள்ள வரியும் தண்டமும் பழைய பங்காளிகளையே சேரும். சுப்ஹானல்லாஹ்! மெஷினை எடுத்துக்கொண்டு கடனை மட்டும் அந்த வீட்டில விட்டுட்டுப் போற கடதாசி. அதை நான்தான் கொண்டு போறன், பென்சில் புள்ளடியும் போட்டு. ஓட்டோவைத் திருப்பச் சொல்ல வாய் வந்தது. ஆனா திருப்பினா சேர் வெளியில இருந்து வேறொரு பொம்பிளையைப் பிடிச்சு அனுப்புவார் எண்டு எனக்குத் தெரியும்.

திரைச்சீலைக்கு அங்கால ராத்தா வெள்ளைச் சேலையோட பாயில இருந்தா. பக்கத்தில அவ வீட்டுக்கும் வந்திருந்த அந்த வரிக் கடிதம், ஒரு இங்கிலிஷ் அகராதி, பென்சிலால ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே தமிழ். மூணு கிழமையா ஒரு ஆளா இருந்து வாசிச்சிருக்கா. நான் கொண்டு போன கடதாசியை நீட்டல்ல, மடியிலேயே வெச்சுக்கொண்டன். "ராத்தா, அது கடதாசியில மட்டும் உள்ள கடன், உண்மைக் கடனில்ல" எண்டு உளறினன். அவ அழல்ல. என்ட முகத்தை நேராப் பார்த்துக் கேட்டா:

"கடதாசிக் கடன் எண்டா கப்ருல கேக்க மாட்டாங்களா மிஸ்?"

ஹாஜியார்ட பேரம்

ராத்தா ஒண்டே ஒண்டுதான் கேட்டா. காக்கா எந்த இடத்தில எழும்பி நிண்டு தம்பிட கடனுக்குப் பொறுப்பு எண்டு சொன்னாரோ, அதே பள்ளிவாசல்ல ஹாஜியார் எழும்பி, இந்தக் கடன் காதர்ட இல்ல, என்ட எண்டு ஊருக்குச் சொல்லோணும். சொன்னா ஒப்பம், சொல்லாட்டி இல்ல. மற்ற வாரிசுகளான காக்காக்கிட்டயும் மகளுக்கிட்டயும் சேர் ஆள் விட்டுப் பார்த்தார். "உம்மா வெச்சா நானும் வெப்பன்" எண்டு மகள், "அவ வெச்சாத்தான்" எண்டு காக்கா.

ஹாஜியார் எங்கட கந்தோரில இருந்து பிளேன்டீயைக் கையில வெச்சுக்கொண்டு குடிக்காமலே ஆற விட்டார். காதர்ட மகள்ட வீட்டைக் கூரை போட்டு, சாந்து பூசி, திறப்போட தாறன் எண்டார். நான் போய்ச் சொன்னன். ராத்தா வேணாம் எண்டுட்டா. வரியை ரகசியமா நானே காதர்ட பேர்ல கட்டி விடுறன் எண்டார். அதையும் போய்ச் சொன்னன். "அவர்ட பேர்ல கட்டினா, அவருக்குக் கடன் இருந்தெண்டுதானே ஆகும்?" எண்டு கேட்டா. திரும்பி வந்து, "பள்ளியில சொல்லுறதைத் தவிர வேற வழியில்ல ஹாஜியார்" எண்டு சொன்னன். மனுசன் கதிரையால பாதி எழும்பிட்டார்:

"மிஸ், பள்ளி மைக்கில சொன்னா வரிக் கந்தோருக்கும் கேக்குமே!"

சேர்ட யோசனை

அதுக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இண்டைக்கும் உடம்பு கூசுது. மழை இருட்டிக்கொண்டு வருது, வேளாண்மை சாயத் தொடங்கிட்டு, மெஷின் ஆறும் ஹாஜியார்ட வளவுக்குள்ள சும்மா நிக்குது. போன் அடிச்சு ஓயல்ல. சேர் ஒரு வெள்ளைக் கடதாசியையும் பழைய பைலையும் என்ட மேசையில வெச்சார். காதர் நானா மௌத்தாகிறதுக்கு ஆறு மாசம் முந்தின திகதி போட்டு, மெஷினை அவரே அப்பவே மாத்திக் குடுத்த மாதிரி ஒரு பத்திரம். ஒரு பங்காளிட ஒப்பம் காணுமாம், அதால அவர்ட மட்டும்தான் வேணுமாம். மாதிரிக்கு பைல்ல முப்பத்திரண்டு இருக்காம்.

பேனையை மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டி, திறப்பை அவர்ட கையில குடுத்தன். "சேர், என்னை நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க. மௌத்தானவர்ட கையைப் பிடிச்சு நான் எழுத மாட்டன்" எண்டன். சேர் கோவிக்கவே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சி. திறப்பைப் பார்த்துக்கொண்டு, உண்மையாவே விளங்காத ஆள் மாதிரிக் கேட்டார்:

"அவர் உசிரோட இருந்தாலும் வாசிக்காமத்தானே வெச்சிருப்பார் புள்ள?"

ஜும்ஆவுக்குப் பிறகு

வியாழக்கிழமை பின்னேரம் ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார். நாளைக்குப் பகல் காதர்ட வீட்டில நில்லுங்க எண்டு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டார். போனன். ராத்தாட வீடு பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கையில. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கொண்டு ராத்தாவும் மகளும் நானும் இருந்தம். தொழுகை முடிஞ்சு ஸலாம் குடுத்தாங்க. மைக் கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு ஹாஜியார்ட தொண்டைச் செருமல்.

அவரை எழுப்பி விட்டது அல்லாஹ்ட பயமா, வயல்ல சாய்ஞ்சு கிடந்த வேளாண்மையா, எனக்குத் தெரியா. ரெண்டும்தான் எண்டு நினைக்கிறன். எது எண்டாலும், பள்ளி நிர்வாகத்தில இருக்கிற ஒரு மனுசன், ஊர் ஆம்பிளைகள் எல்லாருக்கும் முன்னால, வரிக்கு ஒளிச்சதை வாயால சொல்லுறது லேசான வேலையில்ல. என்ட கையை மகள் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டாள். குரல் ரெண்டு இடத்தில உடைஞ்சது. ஆனா ஒரு சொல்லும் விடுபடாமக் கேட்டுது:

"மௌத்தான காதர்ட பேர்ல இருக்கிற மெஷின் ஆறும் என்ட. அதில உள்ள வரிக் கடன் முழுக்க என்ட. காதர் ஒருத்தருக்கும் ஒரு சதமும் குடுக்க வேண்டியதில்ல. நீங்க எல்லாரும் சாட்சி."

ஆறுக்கும் ஒரு ஒப்பம்

ராத்தா அப்பதான் அழுதா. மாப்பிள்ளை மௌத்தான நாளில இருந்து வராத அழுகையெல்லாம் அண்டைக்கு வந்ததெண்டு மகள் சொன்னாள். அழுது முடிச்சு, முகம் கழுவி வந்து, கடதாசியைத் தாங்க எண்டா. இது நானே எழுதினது, தமிழில. மெஷின் ஒரு நாளும் எங்கட இல்ல, பேர் மட்டும்தான் எங்கட, வரியும் தண்டமும் ஹாஜியாரைச் சேரும். புள்ளடி போடல்ல. முதல் சொல்லில இருந்து கடைசிச் சொல் வரைக்கும் விரல் வெச்சு வாசிச்சா. ஒரு இடத்தில ஒரு சொல்லை மாத்தச் சொன்னா, மாத்தினன். பிறகு ஒப்பம் வெச்சா, மகளுக்கும் காட்டி வெப்பிச்சா, காக்காக்கும் அவள்ட கையிலயே குடுத்தனுப்பினா.

எனக்குத்தான் மனம் கேக்கல்ல. கூரையில்லாத அந்த வீட்டுச் சுவரைப் பார்க்கிறன், பாசி பிடிச்சுக் கிடக்கு. மகளைப் பார்க்கிறன். வாயை அடக்க ஏலாம, "ராத்தா, ஆறு மெஷின்! சட்டப்படி உங்கட கையில இருந்தது. ஒண்டே ஒண்டைக் கேட்டிருந்தாலும் ஹாஜியார் குடுத்திருப்பாரே. மகள்ட வீடு முடிஞ்சிருக்குமே" எண்டு கத்தியே விட்டன். ராத்தா பேனையை மூடி எனக்கிட்டத் தந்தா. நான் பெரிய படிப்புப் படிச்ச ஆள் எண்டு நினைச்சிருந்தவ போல, கொஞ்சம் ஆச்சரியத்தோட என்னைப் பார்த்தா:

"ஒரு மெஷினை எடுத்தாலும் மௌத்தானவர் சொந்தக்காரன்தானே மிஸ்? அப்ப வரியும் அவர்டதானே?"

ஹாஜியார் இப்ப சொந்தப் பேர்ல தவணை முறையில வரி கட்டுறார், கொழும்பு ஆலோசகர் போன் நம்பரை மாத்திட்டார், எங்கட கந்தோரோ ஒரு ஆள்ட பேருக்குப் பின்னால இன்னொரு ஆளை ஒளிச்சு வெச்ச வேலைக்குரிய கட்டண ரசீதை மட்டும் எப்பவும் போல சரியான ஆளான ஹாஜியார்ட பேர்லதான் எழுதியிருந்தது.